துறை மாறி எம்.ஏ. சேரலாமா? ஒரு தரப் பரிசோதகர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட சோதனைகள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்தேன். படித்தது பி.இ. மெக்கானிக்கல். பிரேக் சிலிண்டரின் துளை சரியான அளவா என்று பார்க்க எங்களிடம் ஒரு கேஜ் இருக்கும். அதன் ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. இரண்டும் சரியென்றால் பெட்டியில் போடு, இல்லாவிட்டால் சிவப்பு அட்டை கட்டு. மூன்று நொடி வேலை. 28 வயதில், எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தொல்லியலில் எம்.ஏ. சேரலாமா என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டபோது, அதற்கும் அப்படியொரு கேஜ் எங்காவது கிடைக்கும் என்று தேடினேன். முடிவெடுக்கப் பதினான்கு மாதங்கள் ஆயின.

போன மாதம் சித்தப்பா மகன் வீட்டுக்கு வந்தான். பி.காம். முடித்து, கணக்குத் தணிக்கை அலுவலகம் ஒன்றில் இரண்டு ஆண்டுகளாக இருக்கிறான். "அக்கா, எம்.எஸ்ஸி. சைக்காலஜி சேரட்டுமா? நீதான் துறை மாறினாயே, சொல்" என்றான். சேர் என்றோ சேராதே என்றோ சொல்ல எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. நான் எந்தெந்தச் சோதனைகளை என்மேல் நடத்தினேன், எதில் ஏமாந்தேன் என்பதை மட்டும் அவனுக்குச் சொன்னேன். சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

காலண்டரில் புள்ளி

மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டர் போதும். எம்.ஏ. படிப்பைப் பற்றித் தேடிய, யாரிடமாவது பேசிய, கற்பனையில் மிதந்த ஒவ்வொரு நாளிலும் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். பக்கத்தில், அதற்கு முந்தைய நாள் அலுவலகத்தில் என்ன நடந்தது என்று ஒரே ஒரு சொல். இரண்டு மாதங்கள் இப்படிச் செய்தேன். மொத்தம் 17 புள்ளிகள். அவற்றில் 13, இரவு ஷிப்ட் முடிந்த மறுநாளோ வாடிக்கையாளர் நிறுவனத்தின் ஆடிட் நடந்த மறுநாளோ விழுந்திருந்தன. பார்த்தபோது வெட்கமாக இருந்தது. சோழர் கல்வெட்டின் மேல் காதல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் முக்கால் பங்கு, ஷிப்ட் பொறுப்பாளர் மேல் இருந்த எரிச்சல்.

ஆகவே முதலில் எரிச்சலைத் தனியாகப் பிரித்தேன். மேலாளரிடம் கேட்டு, பகல் வேலை மட்டும் இருக்கும் அளவீட்டு ஆய்வகத்துக்கு மாறிக்கொண்டேன். குளிர்பதன அறை, கூச்சல் இல்லை, ஆறு மணிக்கு வீடு. அடுத்த இரண்டு மாதங்களில் புள்ளிகள் ஆறாகக் குறைந்துவிட்டன. ஆனால் அந்த ஆறும் எந்தத் தொல்லையும் இல்லாத நாள்களில் விழுந்தவை. அதில் ஒன்று, திருவொற்றியூர் கோயிலுக்கு அம்மாவை அழைத்துப் போய், சுவரில் இருந்த எழுத்துகளைத் தடவிக்கொண்டே நின்று பிரசாதம் வாங்க மறந்த ஞாயிற்றுக்கிழமை. அந்த ஆறு புள்ளிகளை நம்பலாம் என்று தோன்றியது.

உங்கள் அலுவலகத்தில் இடம் மாற வழியில்லை என்றால், அதே துறையில் வேறு நிறுவனத்துக்கு மாறிப் பாருங்கள். வேலையை மாற்றினால் தீர்ந்துபோகிற ஆசைக்கு இரண்டு ஆண்டுப் படிப்பு தேவையில்லை.

அலுப்பைச் சுவைத்துப் பார்ப்பது

எல்லாத் துறைக்கும் ஒரு முகப்பு இருக்கும், ஒரு கொல்லைப்புறம் இருக்கும். தொல்லியலின் முகப்பு கீழடி அருங்காட்சியகம். கண்ணாடிக்குப் பின்னால் சுடுமண் பொம்மை, மேலே அழகான விளக்கு. கொல்லைப்புறம் என்ன என்று தெரிந்துகொள்ள, ஓய்வுபெற்ற கல்வெட்டு ஆய்வாளர் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். ஞாயிறு காலையில் நாலைந்து பேருக்கு வீட்டுத் திண்ணையில் கல்வெட்டு எழுத்து சொல்லிக்கொடுப்பார், கட்டணம் கிடையாது. பத்து ஞாயிறுகள் போனேன். முதல் நாளே சொன்னார்: "ராஜராஜன் கதை கேட்க வந்திருந்தால் இப்போதே போய்விடலாம் அம்மா. இங்கே ஆட்டுக் கணக்கு மட்டும்தான்."

உண்மைதான். கோயிலுக்கு ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிக்க ஒருவர் ஆடு கொடுக்கிறார். "சாவா மூவாப் பேராடு" என்று கல்வெட்டு சொல்லும்; மந்தையில் செத்ததும் பிறந்ததும் ஈடாகிவிடும், எண்ணிக்கை குறையாது என்று பொருள். தொண்ணூறு ஆடு, அல்லது தொண்ணூற்றாறு. அதைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அடுத்த கல்வெட்டிலும் அதே. அதற்கடுத்ததில் நிலம்: இத்தனை வேலி, இத்தனை மா, இத்தனை குழி, கிழக்கெல்லை வாய்க்கால், தெற்கெல்லை இன்னார் தோட்டம். மூன்றாவது ஞாயிறோடு கூட்டத்தில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள்.

எனக்கு அங்கேதான் பிடித்துப்போனது. ஐந்து ஆண்டுகளாக அளவுப் பதிவேடுகளோடு வாழ்ந்தவள். இதுவும் பதிவேடுதான், கல்லில் இருக்கிறது, அவ்வளவே. முதல் தடவை எண்ணைப் படித்தபோது ௯௰௬ என்று இருந்ததை "ஒன்பது, பத்து, ஆறு" என்று தனித்தனியாகப் படித்துவிட்டு, ஒன்பதாயிரத்து நூற்றாறு ஆடா என்று வாயைப் பிளந்தேன். ஐயா சிரித்துவிட்டார். பழைய தமிழ் எண் முறையில் பூஜ்யம் கிடையாது. ஒன்பது பத்தும் ஆறும், தொண்ணூற்றாறு. மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளியும் இருக்காது, எகரமா ஏகாரமா என்று சூழலைப் பார்த்து ஊகிக்க வேண்டும். ஒரு வரிக்கு ஒரு மணி நேரம் போகும்.

எட்டாவது வாரம் செங்கல்பட்டுப் பக்கம், ஏரி மதகு ஒன்றின் அருகே கிடந்த பலகைக் கல்லைப் படியெடுக்க, அனுமதி வாங்கி எங்களை அழைத்துப் போனார். கல்லைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துப் பாசியை எடுக்கவே முக்கால் மணி நேரம். பிறகு நனைத்த தாளைக் கல்மேல் பரப்பி, அடர்ந்த மயிர் உள்ள பிரஷால் மேலிருந்து தட்டிக்கொண்டே வர வேண்டும். தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கி உட்காரும். மென்மையாகத் தட்டினால் இறங்காது, ஓங்கித் தட்டினால் கிழியும். நான் தட்டியதில் மூன்றாவது வரியில் ஒரு 'டு' கிழிந்தது. புதுத் தாள். இரண்டாவது தடவை ஈரம் காயும் முன்பே மைப்பந்தை ஒற்றிவிட்டேன், எல்லாம் கசிந்து அமாவாசை இருட்டாகிவிட்டது. மூன்றாவது தாளில், கறுப்புப் பரப்பில் வெள்ளை எழுத்துகள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. முட்டி வரை மை, முதுகில் வெயில், மதிய உணவு மறந்து மணி மூன்று. மேலே ஏறி வந்த ஒரு பாட்டி, "என்னம்மா, புதையலா?" என்று கேட்டார். "இல்லை பாட்டி, ஏரி வரவுசெலவு" என்றேன். ஏமாற்றத்தோடு போய்விட்டார்.

இந்த ஒரு நாள்தான் எனக்குக் கிடைத்த கேஜுக்கு மிக அருகில் வந்தது. மூன்றாவது தாளை எடுக்கக் கை தானாக நீண்டதா, இல்லை 'போதும்' என்று தோன்றியதா? அதைக் கவனியுங்கள்.

உங்கள் துறையின் ஆட்டுக் கணக்கு எது என்று கண்டுபிடியுங்கள். உளவியலில் அது புள்ளியியல். மனித மனம் என்று ஆசையாகப் போனவர்களைத் திட்ட விலக்கம் வந்து வழிமறிக்கும். பொருளாதாரத்தில் கணிதம். தரவு அறிவியலில், ஊர்ப்பெயரை ஏழு விதமாகத் தட்டச்சு செய்து வைத்திருக்கும் அட்டவணையைச் சுத்தம் செய்வது. சமூகப் பணியில் களத்துக்குப் போய்வந்து இரவில் எழுதும் அறிக்கை. சட்டத்தில் கட்டுக்கட்டாக வழக்குக் கோப்பு. சொல்லித்தர ஆள் கிடைக்காவிட்டால், ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையப் பாடங்களில் ஒன்றை எடுத்து முடியுங்கள். நான்கு, எட்டு, பன்னிரண்டு வாரப் படிப்புகள் உண்டு. பாடம் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். ஆயிரம் ரூபாய் கட்டித் தேர்வு எழுதுங்கள். காணொளியைக் கேட்டுக்கொண்டே வெங்காயம் நறுக்குவது வேறு, தேர்வு அறையில் உட்காருவது வேறு.

விளம்பரத்திலிருந்து பின்னோக்கிப் படியுங்கள்

ஒன்பதாவது வாரம் உத்திரமேரூர். கடற்கரை மார்க்கத்தில் செங்கல்பட்டு வரை மின்சார ரயில், அங்கிருந்து பஸ். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்து இரண்டு கல்வெட்டுகள், 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறைக்கு யார் தகுதி, யார் தகுதியில்லை என்ற பட்டியல். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது. முதல் கல்வெட்டில் வயது 30 முதல் 60. இரண்டாவதில் 35 முதல் 70. இரண்டே ஆண்டில் விதியை மாற்றிவிட்டார்கள்! திரும்பி வரும் ரயிலில் எனக்கு உறைத்தது: நான் கனவு காணும் வேலைக்கான தகுதிப் பட்டியலை இதுவரை ஒருமுறைகூடப் படிக்கவில்லை.

பெரும்பாலோர் செய்யும் தவறு இது. படிப்பில் சேர என்ன தகுதி என்று பார்க்கிறோம். எந்தப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம் என்றிருந்தால் மகிழ்ந்துவிடுகிறோம். படித்த பிறகு போக நினைக்கும் வேலைக்கு, அந்தப் பட்டம் உங்கள் பழைய பட்டத்தோடு சேர்ந்து செல்லுமா என்று பார்ப்பதில்லை. முதலில் வேலை அறிவிப்பை எடுங்கள். கடந்த இரண்டு மூன்று முறை வந்த அறிவிப்புகளையும் எடுத்து அடுத்தடுத்து வைத்து, சிவப்புப் பேனாவோடு படியுங்கள்.

அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியராகலாம் என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்தது. ஆசிரியர் தேர்வு வாரியத்தின் முதுகலை ஆசிரியர் அறிவிப்பைப் படித்தேன். இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில், அல்லது இணையானதென்று ஏற்கப்பட்ட பாடத்தில் இருக்க வேண்டும். இதைத்தான் 'கிராஸ் மேஜர்' சிக்கல் என்பார்கள். பி.இ. முடித்து எம்.ஏ. வாங்கினால் அந்தக் கதவு எனக்கு இல்லை. ஒரு வரி, அதைப் படிக்காமல் சேர்ந்து, பி.எட்.டும் முடித்துவிட்டு நிற்பவர்களை எனக்குத் தெரியும்.

கல்லூரி உதவிப் பேராசிரியர் கதவு திறந்திருந்தது. அங்கே முதுகலைப் பாடமும் அதற்கேற்ற நெட் (தேசிய அளவு) அல்லது செட் (மாநில அளவு) தகுதித் தேர்வும்தான் பேசும். முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. நெட் தேர்வில் தொல்லியல் தனிப்பாடமாகவே இருக்கிறது. ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய். அதற்கு வயது வரம்பு 30, பெண்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வு. நான் பெண்ணாக இருந்ததற்கு அரசாங்கம் தந்த ஐந்து ஆண்டுகள் என் கணக்கையே மாற்றின. ஆணாக இருந்திருந்தால் அந்த வரியோடு முடிவு வேறாகியிருக்கும். இதோடு மாநிலத் தொல்லியல் துறை, எழும்பூரில் நடத்தும் தொல்லியல், கல்வெட்டியல் முதுநிலைப் பட்டயப் படிப்பு உதவித்தொகையோடு உண்டு என்பதையும் குறித்துக்கொண்டேன்.

சித்தப்பா மகனுக்கும் இதே பாடம்தான். மருத்துவ உளவியலாளர் என்று பலகை மாட்ட நினைக்கிறான். எம்.எஸ்ஸி. மட்டும் அதற்குப் போதாது. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும், அந்தப் பதிவுக்கு கவுன்சில் அங்கீகரித்த மருத்துவ உளவியல் படிப்பு வேண்டும். எந்தக் கல்லூரி விளம்பரமும் இதைப் பெரிய எழுத்தில் போடாது. முகம் வாடியது. இரண்டு ஆண்டு கழித்து வாடுவதற்கு இன்று வாடட்டும்.

யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். துறைத் தலைவரிடம் கேட்டால் "வாருங்கள்" என்பார், அது அவர் கடமை. அனுமதி வாங்கி ஒரு நாள் கடைசி பெஞ்சில் உட்காருங்கள், பிறகு இரண்டாம் ஆண்டு மாணவர்களோடு டீக்கடைக்குப் போங்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் முடித்தவர் ஒருவரின் எண்ணை அவர்களிடம் வாங்குங்கள். "படிப்பு நன்றாக இருந்ததா?" என்று கேட்காதீர்கள். "கடைசியாக எந்த வேலைக்கு விண்ணப்பித்தீர்கள், என்ன பதில் வந்தது?" என்று கேளுங்கள். நான் பேசிய ஐந்து பேரில் இருவர் ஆய்வில் இருந்தார்கள், ஒருவர் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார், ஒருவர் வங்கியில், ஒருவர் சொந்த ஊரில் கடை. வங்கிக்காரர்தான் வெகு நேரம் பேசினார்.

பட்டமே இல்லாமல் முடியாதா?

இந்தக் கேள்வியைத் தவிர்க்காதீர்கள். பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று இந்தியாவின் முதல் பழங்கற்காலக் கருவியை அடையாளம் கண்ட ராபர்ட் புரூஸ் ஃபூட், இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் ஊழியர். ஐராவதம் மகாதேவன் 1954இல் ஐ.ஏ.எஸ். ஆனவர், கல்வெட்டியலில் பட்டம் வாங்கியவர் இல்லை. புகளூர்ப் பாறையில் சேர மன்னர்களின் பெயர்களைப் படித்தது 1965இல், அரசுப் பணியில் இருந்தபோதே. சிந்துவெளி எழுத்துக்கான தொகுப்பு 1977இல். விருப்ப ஓய்வு பெற்றது 1980இல்தான். தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் பற்றிய பெருநூல் 2003இல் வந்தபோது அவருக்கு எழுபது வயது தாண்டியிருந்தது.

வீட்டில் எல்லாரும் எனக்கு மகாதேவனை எடுத்துக்காட்டினார்கள். வேலையில் இருந்துகொண்டே செய் என்று பொருள். நியாயமான வாதம், நான் அதை இரண்டு வாரம் புரட்டிப் பார்த்தேன். ரோஜா முத்தையா நூலகம் தரமணியில் இருக்கிறது, கன்னிமாரா எழும்பூரில் இருக்கிறது, அண்ணா நூற்றாண்டு நூலகம் கோட்டூர்புரத்தில். வாரக்கடைசியில் யாரும் தடுக்கப்போவதில்லை. எனக்கு இடித்தது ஒன்றுதான். அகழாய்வுக் குழியில் இறங்கிக் கற்றுக்கொள்ள வேண்டியவற்றை ஞாயிற்றுக்கிழமைகளில் கற்க முடியாது. மண் அடுக்குகளின் நிற வேறுபாட்டைக் கண்ணுக்குப் பழக்க ஒரு முழுப் பருவம் குழியில் இருக்க வேண்டும், குழியில் இறங்க ஒரு துறையின் மாணவராக இருக்க வேண்டும். கல்வெட்டு வாசிப்பு மட்டுமே என் ஆசை என்றிருந்தால் நான் வேலையை விட்டிருக்க மாட்டேன்.

பாடத்தில் அடித்தளம் மட்டும் போதுமென்றால் தொலைநிலைக் கல்வி இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு பட்டப் படிப்புகள் படிக்க பல்கலைக்கழக மானியக் குழு 2022 முதல் அனுமதிக்கிறது. சேருமுன் அந்தத் தொலைநிலைப் படிப்புக்கு அந்த ஆண்டு அங்கீகாரம் இருக்கிறதா என்று மானியக் குழுவின் பட்டியலில் பாருங்கள்.

வெங்கி ராமகிருஷ்ணனையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாராவது சொல்வார்கள். சிதம்பரத்தில் பிறந்தவர், இயற்பியலில் முனைவர் பட்டம், 2009இல் வேதியியல் நோபல். நடுவில், 1976 முதல் 1978 வரை உயிரியல் துறையில் மீண்டும் மாணவராக உட்கார்ந்தார். இரண்டாவது முனைவர் பட்டம் வாங்கவில்லை, வேண்டியதைக் கற்றுக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார். எனக்கு இதில் நோபலைவிட அந்த இரண்டு ஆண்டுகள்தான் பயன்பட்டன. முழுப் பட்டம் தேவையா, ஒரு பகுதி போதுமா என்று கேட்க அது தைரியம் தந்தது.

கணக்கு

கல்விக் கட்டணத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். அரசுப் பல்கலைக்கழகத்தில் கலைப் பாடத்துக்குக் கட்டணம் சொற்பம். உண்மையான செலவு, வராமல் போகும் சம்பளம். என் கையில் வந்தது மாதம் 38,000. இரண்டு ஆண்டில் 9,12,000. இதை ஒரு முறை எழுதிப் பார்த்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த தாளை எடுங்கள். அதில் எழுத வேண்டியது இழப்பை அல்ல, தேவையை.

வீட்டுக்கு மாதம் 12,000 கொடுத்தேன், என் செலவு 6,000. படிக்கும் 24 மாதங்களோடு, படித்து முடித்து வேலை தேட ஆறு மாதங்கள் சேர்த்தேன். 30 மாதம், 5,40,000. கட்டணம், களப்பயணம் 40,000. மொத்தம் 5,80,000. சேமிப்பு 3,10,000.

இங்கே ஒரு விஷயம். நான் வேலையை விடத் துடித்தபோது பணிக்காலம் நாலு ஆண்டு ஐந்து மாதம். ஐந்து ஆண்டு முடித்தால் பணிக்கொடை உண்டு: கடைசி அடிப்படைச் சம்பளத்தை 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, பணியாண்டால் பெருக்க வேண்டும். என் அடிப்படைச் சம்பளம் 19,000; ஏறத்தாழ 54,800 ரூபாய் வந்தது. ஏழு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நல்லவேளை, அந்த ஏழு மாதங்களில்தான் மேலே சொன்ன பாதிச் சோதனைகள் நடந்தன.

பாக்கி 2,15,200. கல்விக் கடன் பார்த்தேன். 5 லட்சம், 10 சதவீத வட்டி, ஏழு ஆண்டில் அடைப்பதென்றால் மாதத் தவணை 8,300. வட்டிக்கு வருமான வரியில் கழிவு உண்டு என்றார்கள், பழைய வரி முறையில். வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வந்தால்தானே கழிவு! கடன் வேண்டாமென்று, பாலிடெக்னிக் மாணவர்கள் ஆறு பேருக்கு இன்ஜினியரிங் டிராயிங் சொல்லித்தர ஏற்பாடு செய்துகொண்டேன். தலைக்கு 1,500, மாதம் 9,000, இரண்டு ஆண்டில் 2,16,000. எண்ணூறு ரூபாய் மிச்சம். பழைய துறை இப்படிப் புதுத் துறைக்குச் சோறு போடும். அதை அவசரப்பட்டுத் தலைமுழுக வேண்டாம்.

வீட்டில் பேசுவது

அப்பா பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓராண்டாக அவரிடம் நான் ஆசையைச் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒவ்வொரு தடவையும் "கல்லைப் படித்தால் யாரம்மா சம்பளம் தருவார்கள்?" என்றே முடிந்தது. சித்தப்பா வேறு, "பி.இ. படித்தவளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதா, கல்வெட்டுக்காரிக்குப் பார்ப்பதா?" என்றார். ஒரு நாள் ஆசையைப் பேசாமல் கணக்குத் தாளைக் கொடுத்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பென்சிலோடு உட்கார்ந்தார். அரை மணி கழித்து, "மருத்துவக் காப்பீடு எங்கே?" என்றார். நிறுவனத்தின் குழுக் காப்பீடு வேலையோடு போய்விடும், நான் அதை மறந்தே போயிருந்தேன். ஆண்டுக்கு 9,000, இரண்டு ஆண்டுக்கு 18,000 என்று எழுதினார். என் எண்ணூறு ரூபாய் உபரி, 17,200 பற்றாக்குறையாக மாறியது. அம்மா சமையலறையிலிருந்தே, "கார்த்திகையில் என் சீட்டு விழும்" என்றார். அதற்கு மேல் வீட்டில் யாரும் இதைப் பற்றி விவாதிக்கவில்லை.

ஒப்புதல் கேட்காதீர்கள், பிழை கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அது வேலை செய்தது. எல்லா வீட்டிலும் ஸ்டோர்ஸ் கணக்கர் இருக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

தேதி

முடிவுக்கு ஒரு கடைசி நாள் வையுங்கள், அதை விண்ணப்பத்தின் கடைசி நாளோடு கட்டுங்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு, புதுச்சேரி உட்பட, க்யூட் (CUET) என்ற பொது நுழைவுத் தேர்வை முதுநிலைக்கு எழுத வேண்டும். அண்மை ஆண்டுகளில் மார்ச்சில் நடக்கிறது, விண்ணப்பம் அதற்குச் சில மாதங்கள் முன்பே. சென்னை ஐ.ஐ.டி.யின் எம்.ஏ. படிப்புகளுக்கு கேட் (GATE) நுழைவுத் தேர்வு மதிப்பெண் வழி. அதில் கலை, சமூக அறிவியல் பாடங்களுக்கான தாள் 2021 முதல் உண்டு, தேர்வு பிப்ரவரியில், பதிவு ஆகஸ்ட், செப்டம்பரில். ஆக, ஜூனில் படிக்கச் சேர நினைப்பவர் முந்தைய ஆடியிலேயே கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகங்களின் அறிவிப்பு கோடையில் வரும்.

திரும்பி வரும் வழியையும் எழுதி வையுங்கள். முதுகலை முடித்து மூன்று முறை நெட் எழுதியும் கிடைக்கவில்லை என்றால் தரப் பரிசோதனைக்கே திரும்புவேன் என்று தாளில் எழுதி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கினேன். தொழிற்சாலையில் மூன்று மாதம் முன்னறிவிப்பு கொடுத்து, என் இடத்துக்கு வந்த பையனுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன். மேலாளர் இன்றும் தொலைபேசியை எடுக்கிறார்.

இப்போது இரண்டாம் ஆண்டு. முதல் தடவை நெட் கிடைக்கவில்லை, டிசம்பரில் மறுபடி எழுதுகிறேன். டிராயிங் வகுப்பில் இரண்டு பேர் நின்றுவிட்டதால் மாதம் 3,000 இடிக்கிறது. வகுப்பில் எல்லாரும் என்னைவிட ஆறேழு வயது சிறியவர்கள். அக்கா என்கிறார்கள், தேர்வுக்கு முந்தின நாள் மட்டும் என் குறிப்பேட்டைக் கேட்கிறார்கள்.

நேற்று இரவு படியெடுத்த தாள் ஒன்றைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருந்தேன். அப்பா தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். "இதில் எத்தனை ஆடு?" என்றார். தொண்ணூறு என்றேன். "போன மாதம் காட்டியதில் தொண்ணூற்றாறு இருந்தது. நெய் அதே உழக்குதானா?" ஆமாம் என்றேன். "அப்படியென்றால் ஆறு ஆடு எங்கே போயிற்று?" என்று கேட்டுவிட்டு, கண்ணாடியை எடுத்துவரப் போனார்.